பஸ் ஷெல்டரில் நாலாம் ஷிப்ட்

உலகத்தில் எந்தச் சுரங்கத்துக்குப் போனாலும் மூன்று ஷிப்ட்தான். காலை, மதியம், இரவு. அதற்கு மேல் ஒரு நாளில் இடம் கிடையாது. ஆனால் எங்கள் நெய்வேலியில் ஒரு பெண்மணி தனியாளாக நாலாவது ஷிப்ட் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு இடம் பார்த்தார், சட்டதிட்டம் போட்டார், இன்சார்ஜ் ஒருவரை நியமித்தார், வருஷக்கணக்கில் நடத்தியும் காட்டினார். பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருப்பதைக் கண்டுபிடித்தது எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. அது அங்கேயே கிடந்தது, தோண்டினார்கள், வந்தது. இல்லாத நேரத்தைத் தோண்டி எடுத்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் போட்டோவுக்குக் கீழே அச்சடித்திருந்தது. அதை யாரும் படித்ததில்லை. 'நாலாம் ஷிப்ட்டு வருது பாரு', 'நாலாம் ஷிப்ட்டு கையால ஒரு டீ வாங்கு' என்றுதான் பேச்சு. கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பெயரைப் பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்.

நான் யார் என்று கேட்பீர்கள். சுரங்கத்து டைம் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யார் வந்த மாதிரி பாவனை செய்தார் என்று பார்க்கிற இடம் அது. எனக்கு ஜெனரல் ஷிப்ட். காலையில் ஸ்கூட்டரில் போய், மதியம் குவார்ட்டர்ஸுக்கு வந்து சாப்பிட்டு, மறுபடி போய், சாயங்காலம் திரும்புகிற சாதுவான ஜென்மம். எங்கள் ஆபீஸை ஒட்டினாற்போல் கேன்டீன். அங்கே டீ கவுண்டரில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தார் நாலாம் ஷிப்ட். சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் வடக்குத்து.

கேன்டீன் வேலை வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் விடிவதற்கு முன்பே வர வேண்டும், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் ராத்திரி. வார லீவாவது ஒரு கிழமையில் நிற்குமா என்றால் அதுவும் நிற்காது. திங்கள், வியாழன், ஞாயிறு என்று கேலண்டர் முழுக்க ஊர்வலம் போகும். இந்த லட்சணத்தில், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு, தொலைதூரக் கல்வியில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருந்தார் அம்மணி.

நான் அவரை முதலில் கவனித்தது ஒரு புதன்கிழமை காலை. எங்கள் பிளாக் முனையில் ஒரு பஸ் ஷெல்டர் உண்டு. ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் அங்கே கூட்டம் இருக்கும். பஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட்டால், அடுத்த ஷிப்ட் வரைக்கும் அது மாடுகளின் சொத்து. அந்த வெறிச்சோடிய நேரத்தில், தூங்குமூஞ்சி மர நிழல் விழும் சிமெண்டு பெஞ்சில், சேலைக்கு மேல் நீலச் சட்டை, அதற்கு மேல் ஆரஞ்சு கலர் மினுமினுக்கும் ஜாக்கெட், காலில் ஷூ, தலையில் மஞ்சள் ஹெல்மெட், பக்கத்தில் டிபன் கேரியர் சகிதம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேன்டீனில் பார்த்த முகம். பாவம், பஸ்ஸை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று வண்டியை நிறுத்தினேன்.

"என்னம்மா, பஸ் போயிடுச்சா? ஏறுங்க, கேட்டுல விட்டுடறேன்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. மடியில் ஒரு புத்தகம் விரிந்திருந்தது.

"டூட்டில இருக்கேன் சார். பேச்சு குடுக்காதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் ஷெல்டரில் என்ன டூட்டி? ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக ஆஜர் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அன்றைக்கு அவருக்கு வார லீவு.

மறுநாள் டீ வாங்கும்போது விசாரித்துவிட்டேன். இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கவுண்டரில் கூட்டமில்லை. டீயை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்.

"லீவு நாள்ல வூட்ல குந்திகினு படிக்கலாம்னுதான் சார் பாத்தேன். பொஸ்தகத்த தொறந்தா போதும், மாமியா ரேஷனுக்குப் போங்குது. எங்க வூட்டுக்காரரு சட்ட பட்டன் தச்சிக் குடுங்குறாரு. பக்கத்து வூட்டு அக்கா மாவாட்டிக் குடுங்குது. நாத்தனா பையனுக்கு காதுகுத்து, வந்து நில்லுங்குது. அன்னிக்கி ஒரு நாளு எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! எந்திரிச்சேன், யூனிபாரத்த மாட்டினேன், ஹெல்மெட்ட போட்டேன், கெளம்பிட்டேன்."

"யாரும் ஒண்ணும் கேட்கலையா?"

"அத கேளுங்க சார். ஒருத்தரும் வாயத் தொறக்கல. மாமியா எந்திரிச்சி ஒதுங்கி வழி வுட்டுச்சு. டிபன் கேரியர எடுத்துக் கையில குடுத்துச்சு. அப்பத்தான் புரிஞ்சிது. வூட்ல இருந்தா நான் மருமவ, பொண்டாட்டி, அம்மா, அக்கா. ஹெல்மெட்ட போட்டா டூட்டி. டூட்டிக்குப் போறவள இந்த ஊருல எவன் சார் மறிப்பான்?"

நான் அசந்து போய்விட்டேன். எத்தனை பெரிய உண்மை! இந்த ஊரில் கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து பாதியில் எழுந்தால் கோபித்துக்கொள்வார்கள். 'ஷிப்ட்டுக்கு நேரமாச்சு' என்று சொல்லிப் பாருங்கள், இலையை அவர்களே மடித்துத் தாம்பூலப் பையைக் கையில் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். நானும் பிறந்ததிலிருந்து இதே டவுன்ஷிப்பில் கிடக்கிறேன். அந்தச் சலுகையைப் படிப்புக்குப் பயன்படுத்தலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போகாமலிருக்க மட்டும் சில தடவை பயன்படுத்தியிருக்கிறேன்.

"வீட்டுல தெரியுமா, லீவுன்னு?"

"தெரியாம என்னா சார்? எல்லாருக்கும் தெரியும். ஏமாத்துற வேல நம்மகிட்ட கெடையாது. மொத நாளே சொல்லிட்டேன், இது நாலாவது ஷிப்ட்டுன்னு."

அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஷிப்ட்டுன்னா இன்சார்ஜு வேணுமில்ல சார்?"

"வேணும்தான்."

"நீங்கதான் டைமாபீசு. எல்லாரு ஆஜரும் நீங்கதான பாக்குறீங்க. எனுதும் பாருங்க."

மறுத்துப் பேச வாய் திறப்பதற்குள் நியமனம் முடிந்துவிட்டது. வேலை இதுதான். அவருடைய லீவு நாளில் நான் காலையில் ஷெல்டரைக் கடக்கும்போது நின்று, அவர் இடத்தில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மதியம் சாப்பாட்டுக்குத் திரும்பும்போது மறுபடி நின்று, "ரிலீவ்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுரங்க வேலையில் அது ஒரு கண்டிப்பான வழக்கம். அடுத்த ஷிப்ட் ஆள் நேரில் வந்து நின்று பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல், இருக்கிற ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது. அப்படி வருகிறவருக்குத்தான் ரிலீவர் என்று பெயர். நாலாம் ஷிப்ட்டுக்கு அடுத்து ஐந்தாம் ஷிப்ட் இல்லாததால் ரிலீவரும் நானே ஆனேன். இன்சார்ஜும் நான், ரிலீவரும் நான், இரண்டுக்கும் சம்பளம் பூஜ்யம்.

அவருடைய லீவு ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தால் என் பாடு திண்டாட்டம். ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும், நான் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைப்பேன்.

"ஏங்க, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எங்க கிளம்பிட்டீங்க?" என்பாள் என் மனைவி.

"டூட்டி பார்க்க."

"யார் டூட்டியை?"

"நாலாம் ஷிப்ட்."

"கல்யாணமான நாள்ல இருந்து நான் பாக்கற டூட்டியைப் பாக்க ஒரு நாளாவது அடுப்படிக்கு வந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். பதில் சொல்ல முடியாத கேள்விகளை அவள் படுத்துக்கொண்டுதான் கேட்பாள்.

ஷிப்ட் விதிகள் சாமானியப்பட்டவை அல்ல. நடுவில் ஒரு தடவை டிபன் கேரியரைத் திறக்கலாம். போனைத் தொடக் கூடாது. யார் வந்து பேசினாலும் பதில் கிடையாது. ஒரு நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. மதியம் நான் போய் "ரிலீவ்" என்றதும், "லேட்டா வந்தேன் சார், ஈடு கட்டணும், நீங்க போய் சாப்ட்டுட்டு வாங்க" என்று உட்கார்ந்தேவிட்டார். நான் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, திரும்பி ஆபீஸ் போகும் வழியில் விடுவித்தேன். எங்கள் டைம் ஆபீஸில், தான் தாமதமாக வந்ததைத் தானே சொன்ன ஒரு ஆத்மாவை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

சரித்திரப் பாடமெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. சாம்ராஜ்யங்களை வரிசையாக எழுப்பி வரிசையாகக் கவிழ்த்துவிடுவார். ஒவ்வொரு பேப்பராகத் தேறிக்கொண்டே வந்தார். இங்கிலீஷ் பேப்பர் ஒன்றுதான் எழுந்து வழிவிட மாட்டேன் என்றது. எழுதுவார், போகும். மறுபடி எழுதுவார், மறுபடி போகும். உரக்கப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று யாரோ சொன்னார்களாம். ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, லீவு லெட்டர் ஒன்றை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார்.

"ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்!"

காலை நடை போகிற ரிட்டயர்டு போர்மேன் ஒருவர் இதைக் கேட்டுவிட்டார். இளகிய மனசு. ஹெல்மெட்டோடு ஒரு பெண் ரோட்டைப் பார்த்துக் காய்ச்சல், காய்ச்சல் என்று கத்தினால் யார்தான் சும்மா போவார்கள்? வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பிளாஸ்கில் சுக்குக் கஷாயமும் இரண்டு மாத்திரையும் கொண்டுவந்தார். அம்மணி விதிப்படி வாயைத் திறக்கவில்லை. காய்ச்சல் பேச்சை அடைத்துவிட்டது என்று முடிவுகட்டி, ஆஸ்பத்திரிக்குப் போன் போட இருந்தவரை நான் போய்த்தான் தடுத்தேன்.

"காய்ச்சல் இல்லைங்க. படிக்கறாங்க."

"படிக்கறாங்களா? பஸ் ஷெல்டர்லயா? ஹெல்மெட்டோடயா?"

"டூட்டிங்க" என்றேன். அந்த ஒரு சொல்லில் அவர் அடங்கிவிட்டார். கஷாயத்தை என்னைக் குடிக்கச் சொன்னார். தொண்டை எரிய எரிய நான் குடித்தேன்.

அடுத்து வந்தது மாடு. ஷெல்டரின் பழைய சொந்தக்காரர்களில் ஒன்று. அவர் டிபன் கேரியரைத் திறக்கத் திரும்பிய சமயம் பார்த்து, இங்கிலீஷ் புத்தகத்தில் பாஸிவ் வாய்ஸ் இருந்த பக்கங்களை நிதானமாக மென்றுவிட்டது. மதியம் நான் போனபோது மாடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. நாலாம் ஷிப்ட் மிச்சப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் "ரிலீவ்" சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தி புக் வாஸ் ஈட்டன் பை தி கௌ. சரியா சார்?"

"சரிதாம்மா."

"அப்ப அந்தப் பாடம் முடிஞ்சிது" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது அவர் மாமியார் விஷயம். ஒரு மதியம் நான் ஷெல்டருக்கு வருகிறேன், எதிர்ப்பக்கம் மரத்தடியில் ஒரு வயதான அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். ரொம்ப நேரமாக நிற்கிற களைப்பு முகத்தில் தெரிந்தது.

"யாரும்மா நீங்க? ஏன் இங்க நிக்கறீங்க?"

"அதோ பாரு, என் மருமவ. வூட்டு சாவிய இடுப்புல சொருவிகினு வந்துட்டா. வூடு பூட்டிக் கெடக்குது, காலையிலேருந்து நான் வெளியில கெடக்குறேன்."

"கூப்பிட்டு வாங்கிக்க வேண்டியதுதானே?"

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கோயிலுக்குள் செருப்போடு போகச் சொன்னவனைப் பார்க்கிற பார்வை.

"ஐயய்ய, டூட்டில இருக்கிறவள எப்பிடி சார் கூப்புடறது? ஷிப்ட்டு முடியட்டும்."

இதே அம்மாதான் முன்பு, புத்தகத்தைத் திறந்தால் ரேஷனுக்கு அனுப்பியவர். சொந்த வீட்டுச் சாவி கண்ணெதிரே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தெருவில் காத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தக் குடும்பத்தோடு மோத இங்கிலீஷ் பேப்பருக்கு வலு கிடையாது என்று நினைத்தேன்.

ஆனால் இங்கிலீஷ் பேப்பரும் லேசுப்பட்டதில்லை. அடுத்த தடவையும் போயிற்று. அந்த முடிவு வந்த அன்று டீ கவுண்டரில் அவர் முகத்தைப் பார்த்து நான் டீயே கேட்கவில்லை. அவரே போட்டுக் கொடுத்தார்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டிதான் சார் எழுத வுடுவாங்க. சேந்து இத்தினி வருசம் ஆனா பதிவே ரத்தாம். இந்த வாட்டியும் போச்சுன்னா, பாஸான பேப்பரும் சேந்து போயிடும். மொதல்லேருந்து மறுபடி சேரணும்."

"விடுங்கம்மா. பட்டம் வந்துதான் ஆகணுமா? இவ்வளவு தூரம் படிச்சதே பெருசு" என்றேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைப்பு எனக்கு.

அவர் சுள்ளென்று திரும்பினார்.

"என்னா சார், டைமாபீசுல இருந்துகினு நீங்களே இப்பிடி சொல்றீங்க? ஒரு மாசம் பூரா ஒழச்சவன் பேருல ஆப்சென்ட்டுன்னு போட்டா வுட்டுடுவானா? மிச்ச நாளு எல்லாம் நான் யாருக்கோ டீ ஆத்துறேன், யாருக்கோ சோறாக்குறேன். அந்த ஒரு ஷிப்ட்டுதான் சார் எனுக்கோசரம் நான் பாத்தது. அது அத்தனயும் ஆப்சென்ட்டா ஆயிடும் சார். நான் வந்தேன் சார். ஒரு வாரம் உடாம வந்தேன்."

குரல் கொஞ்சம் உடைந்தது.  வந்ததற்கு நான்தானே சாட்சி.

கடைசி வாய்ப்பு ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. தேர்வு மூன்று மணிக்கு, குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில். அன்றைக்கு அவருக்கு முதல் ஷிப்ட், இரண்டு மணிக்கு முடியும். லீவு கேட்டிருக்கலாம். கேன்டீனில் ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, கான்ட்ராக்டர் கையை விரித்துவிட்டார். "பரவால்ல சார், ரெண்டுக்கு ரிலீவர் வந்துடும், ரெண்டே காலுக்கு வண்டி ஏறிடுவேன்" என்றார். அவர் வீட்டுக்காரர் மொபெட்டோடு கேட்டுக்கு வெளியே காலையிலிருந்தே நிற்கிறாராம். மாமியார் அனுப்பி வைத்தது.

அன்று பார்த்துக் காற்றோடு மழை பிடித்தது, சாப்பிட வீட்டுக்குக்கூட நான் போகவில்லை. இரண்டு மணிக்கு நான் கேன்டீனுக்குள் நுழைகிறேன், நாலாம் ஷிப்ட் கவுண்டரிலேயே நிற்கிறார். ஷிப்ட் மாறுகிற நேரம், டீக்கு ஒரு பெரிய வரிசை. பின்னால் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கிறது.

"என்னம்மா, கிளம்பலையா?"

"ரிலீவர் வரல சார். அது வர்ற பஸ்சு வழியில மரம் வுழுந்து நிக்கிதாம், போன் பண்ணுச்சு."

"அதனால என்ன? கிளம்புங்க!"

"ரிலீவர் வராம எப்பிடி சார் போறது? அடுப்பு எரிஞ்சிகினு இருக்குது."

வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். "டீ வேணாம்மா, நீ போம்மா" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கேன்டீன் சூப்பர்வைசர் வெளியே எங்கோ போயிருந்தார், போனில் பிடித்தால் அவரும் போகச் சொல்கிறார். அம்மணி அசையவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, கை டீயை ஆற்றிக்கொண்டே இருக்கிறது. கடிகாரம் தன் பாட்டுக்குப் போகிறது.  இந்தப் பெண் இந்த அடுப்பு முன்னாலேயே நின்று எல்லாவற்றையும் ஆப்சென்ட் ஆக்கிக்கொள்ளப் போகிறாரே! அவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். விதியைத்தான் பேச வேண்டும்.

கவுண்டருக்குள் நுழைந்தேன். எப்படி நுழைந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"நான்தான் ரிலீவர்" என்றேன்.

அவர் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"டீ போடத் தெரியுமா சார்?"

"வீட்டுல நான்தான்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அது முதல் வரிசையில் வரும்.

அவர் ஒரு கணம் என்னை நிறுத்துப் பார்த்தார். பிறகு ஏப்ரனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார், தொப்பியைத் தலையில் கவிழ்த்தார். அந்த அவசரத்திலும் பொறுப்பை முறைப்படிதான் ஒப்படைத்தார்.

"பாய்லர்ல தண்ணி முக்காவாசி இருக்குது. பாலு அந்தப் பக்கம், பொங்கிடும், கண்ண எடுக்காதீங்க. டிகாஷன் இது. மெஷின் ஓட்டுறவங்களுக்கு ஸ்ட்ராங்கு. புரிஞ்சிதா? சொல்லுங்க சார்."

"ரிலீவ்!" என்று கத்தினேன்.

ஹெல்மெட்டை எடுத்தார். உள்பக்கத்தில் பட்டிக்கும் ஓட்டுக்கும் நடுவே ஹால் டிக்கெட் பத்திரமாகச் செருகியிருந்தது. தடவிப் பார்த்துவிட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடினார். மழையில் மொபெட் சீறிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்புறம் ஒரு டிரைவர் கவுண்டரைத் தட்டி, "சார், ஒரு ஸ்ட்ராங்கு" என்றார்.

அடுத்த சில மணி நேரத்தை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. பால் பொங்கியது. ஒரு தடவை இல்லை. என் டீயை முதலில் வாங்கியவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார், இதுல டீத்தூள் போட்டீங்களா?"

"போட்டேனே."

"அப்ப வேற எதையோ போட மறந்துட்டீங்க."

இருந்தாலும் யாரும் வரிசையை விட்டுப் போகவில்லை. குடித்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள், "பரவால்ல சார், சூடா இருக்குது" என்றார்கள். நாலாம் ஷிப்ட்டுக்காக எங்கள் சுரங்கத்து ஜனங்கள் அன்றைக்கு அதைக் குடித்தார்கள். அவர்களை நான் என்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

மழை விட்டபிறகு கேன்டீன் சூப்பர்வைசர் வந்து சேர்ந்தார். கவுண்டருக்குள் என்னைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயோ சார், நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

போயிருக்கலாம். கால் கெஞ்சியது, கையில் இரண்டு இடத்தில் சூடு. ஆனால் வாய் என்னவோ வேறு விதமாகப் பேசியது.

"ரிலீவர் வராம எப்படி சார் போறது?"

வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன்.

"எங்க இருக்கீங்க? சாப்பாடு ஆறிக் கிடக்கு."

"செகண்ட் ஷிப்ட்ல இருக்கேன். டீ போடறேன்."



"யாருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில், இரண்டு டம்ளர்.

பொழுது சாயும் நேரம். மரத்தடியில் மாட்டிய பஸ்ஸும் ரிலீவரும் அதுவரை வந்த பாடில்லை. கேன்டீன் வாசலில் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. சேலை முழங்கால் வரை சேறு. தேர்வு எழுதிய கையோடு வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார். காலையில் ஒரு ஷிப்ட் முடித்தவர், மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியவர், விறுவிறு என்று கவுண்டருக்குள் வந்து, குழாயில் கையைக் கழுவிவிட்டு, என் முன்னால் நின்றார்.

"நவுருங்க சார். ரிலீவ் பண்ண வந்துட்டேன்."

"எப்படிம்மா எழுதினீங்க?"

"டூட்டில பேச்சு குடுக்காதீங்க சார். மொதல்ல ஏப்ரன கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன். கவுண்டரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, சாதாரண மனிதனாக மறுபடி கேட்டேன்.

"பாஸிவ் வாய்ஸ் வந்துச்சு சார்" என்றார். "மாட்டையே எழுதிட்டேன்." பிறகு நான் பொங்கவிட்ட பாலின் கறையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

தேறிவிட்டார். முடிவு வந்த அன்று கேன்டீனில் கேசரி. கிண்டியது அவரே. மாமியார் வடக்குத்தில் வீடு வீடாகப் போய், "எங்க வூட்டு நாலாம் ஷிப்ட்டு பாஸ்" என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்வி.

அதற்கடுத்த வாரம் அவருடைய லீவு நாள். காலையில் ஷெல்டரைக் கடக்கும்போது பழக்கதோஷத்தில் வண்டி தானாக மெதுவானது. இனிமேல் மாடுகளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், நீலச் சட்டை, ஆரஞ்சு ஜாக்கெட், மஞ்சள் ஹெல்மெட். உட்கார்ந்திருக்கிறார். மடியில் புத்தகம் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் இப்படிச் சும்மா இருந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. மதியம் வரைக்கும் பொறுத்து, வந்து நின்றேன்.

"என்னம்மா இது? அதான் பாஸாயிட்டீங்களே."

"ஆமா சார். படிப்பு முடிஞ்சிடுச்சு. ஷிப்ட்ட மூடிடலாம்னு வந்தேன்." ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இத்தினி வருசம் பாத்த ஷிப்ட்டு. சொல்லாம கொள்ளாம நிறுத்தக் கூடாதில்ல. நீங்க கடசியா ஒரு வாட்டி ரிலீவ் சொல்லிடுங்க சார், நான் வூட்டுக்குப் போறேன். ரேஷன்ல பாமாயில் போடறாங்களாம்."

ஒற்றைச் சொல். எத்தனையோ தடவை சொன்னதுதான். அவர் எழுந்து நின்றுவிட்டார், டிபன் கேரியர்கூடக் கையில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல்லைச் சொன்னால் இந்த பெஞ்ச், இந்த நிழல், வாரத்தில் இந்த ஒரு காலைப்பொழுது எல்லாம் ரேஷனுக்கும் மாவுக்கும் சட்டைப் பட்டனுக்கும் போய்ச் சேரும். 

"அது எப்படிம்மா முடியும்?" என்றேன். "ரிலீவர் இன்னும் வரலையே."

அவர் என்னையே பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும், அத்தனை வருஷத்தில் டூட்டி நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். டிபன் கேரியரைக் கீழே வைத்தார், உட்கார்ந்தார், ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப சரி சார். நீங்க போய் சாப்புடுங்க."

இப்போது எம்.ஏ. இரண்டாம் வருஷம் ஓடுகிறது. எங்கள் நாலாம் ஷிப்ட்டுக்கு இன்றுவரை ரிலீவர் வந்து சேரவில்லை. வராமலே இருக்கட்டும்.